ஜி.ஐ. வெல்டிங் செய்தால் ராத்திரி காய்ச்சல்: எது தானாக அடங்கும், எது அடங்காது?

வெல்டிங் மேற்பார்வை:
ஜி.ஐ. (துத்தநாக முலாம் பூசிய இரும்பு) பைப்பில் வேலை செய்த அன்றே குளிர்நடுக்கம், உடம்புவலி, நாக்கில் உலோகச் சுவை என்றால் பெரும்பாலும் துத்தநாகப் புகைதான். 4 முதல் 10 மணி நேரத்தில் தொடங்கும், 48 மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். தினமும் பட்டால் உடம்பு பழகிக்கொள்ளும். இரண்டு நாள் லீவில் அந்தப் பழக்கம் விட்டுப்போவதால், திங்கட்கிழமை மறுபடி பிடிக்கும். பால் குடித்தால் வராது என்பதை நம்பாதீர்கள். புகை போவது நுரையீரலுக்கு. வெல்டு விழும் இடத்தின் இருபுறமும் 25 முதல் 50 மி.மீ. வரை முலாமைத் தேய்த்து எடுத்துவிடுங்கள். தேய்க்கும்போதும் மாஸ்க் கட்டாயம்.

தொழில்நல மருத்துவம்:
காட்மியம் என்ற நச்சு உலோகத்தை மறக்கவே கூடாது. சில போல்ட்களின் முலாமிலும், சிலவகை வெள்ளிப் பற்றவைப்புக் கம்பிகளிலும் அது உண்டு. தொடக்கம் அச்சு அசல் அதே காய்ச்சல்தான், அதனால்தான் ஏமாந்துபோகிறார்கள். துத்தநாகக் காய்ச்சல் இறங்க வேண்டிய நேரத்தில் இதில் மூச்சு வாங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், உயிரே போகலாம். மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கம்பியின் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப்போங்கள்; உலோகப் புகை பட்டது தெரியாவிட்டால் மருத்துவர் ஃப்ளூ என்றே நினைப்பார்.

நிக்கல், குரோமியம், கோபால்ட் ஆகியவை ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். வேலை நாளில் இருமல், லீவில் நிம்மதி என்றால் பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் கருவி) தினம் 4 முறையாவது ஊதி, 4 வாரம் குறித்துவையுங்கள். லீவு நாள் அளவும் அதில் இருக்க வேண்டும், ஒப்பிட அதுதான் ஆதாரம்.

காற்றோட்டப் பராமரிப்பு:
புகை உறிஞ்சி ஓடுகிறது, ஆனாலும் புகை முகத்தில் அடிக்கிறது என்றால் முதலில் தூரத்தைப் பாருங்கள். குழாய் வாயின் விட்டம் எவ்வளவோ அவ்வளவு தள்ளிப்போனாலே இழுவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். 150 மி.மீ. குழாய் 150 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், வெல்டு நகர நகர அதையும் நகர்த்த வேண்டும். தலைக்கு மேலே தொங்கும் ஹூட் பயனில்லை; புகை மூக்கைக் கடந்துதான் மேலே போகும்.

தாடி இருந்தால் என்95 மாஸ்க் முகத்தில் ஒட்டாது, ஓரமாகப் புகை நுழையும். கார்பைடு டூல் தீட்டும் இடத்தில் கூலன்டையும் (சூட்டைத் தணிக்க ஊற்றும் திரவம்) கவனியுங்கள்: டூலில் உள்ள கோபால்ட் அதில் கரைந்து, தெறிக்கும் நுண்துளிகளோடு நெஞ்சுக்குள் போகும். ஏர் கன் அடித்து மெஷினைச் சுத்தம் செய்யாதீர்கள், நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்யூம் போடுங்கள்.