மகள் டெலஸ்கோப் கேக்குறா: இது பொருளா, அனுபவமா?

கேள்வி

வணக்கம் நண்பர்களே. நானும் மனைவியும் போன வருஷம் ஒரு முடிவு எடுத்தோம். ஒண்ணு கெட்டுப்போனாத்தான் அதுக்குப் பதிலா இன்னொண்ணு வாங்குறது. மிச்சமாகுற பணத்துல குடும்பமா எங்கயாவது போறது, இல்ல ஏதாவது புதுசா கத்துக்கறது. நான் நீச்சல் கத்துக்கிட்டேன், நாற்பது வயசுக்கு மேல. முதல்முறை உடம்பு தானா தண்ணியில மிதந்தப்ப வந்த சந்தோஷம், புதுசா வாங்கின எந்தப் பொருளப் பிரிக்கும்போதும் எனக்கு வந்ததில்ல. இந்த வழி எங்களுக்குச் சரியா வருதுன்னு முழுசா நம்புறேன்.

இப்ப ஒன்பது வயசு மகள் டெலஸ்கோப் வேணும்னு நிக்கிறா. பள்ளியில ஒருநாள் நிலாவைக் காட்டியிருக்காங்க, அன்னையிலேர்ந்து இதே பேச்சு. வாங்கிக் கொடுக்கலாம்ங்கறாங்க மனைவி. எனக்குத்தான் தயக்கம். நாளைக்குப் பரண்ல ஏறப்போற இன்னொரு பொருள்தானே? அதே பணத்துல ரெண்டு நாள் இருட்டான மலைப்பக்கம் கூட்டிட்டுப் போய் வானத்தைக் காட்டினா, அதுதானே மனசுல நிக்கும்? பொருளை விட அனுபவம்தான் அதிக சந்தோஷம் தரும்னு ஆராய்ச்சியே இருக்காமே. அது எவ்வளவு தூரம் உண்மை?

பதில் 1

ஆராய்ச்சி இருக்கு. 2003ல வான் போவன், கிலோவிச்னு ரெண்டு உளவியலாளர்கள் வெளியிட்டாங்க. சந்தோஷத்துக்காகப் பணம் செலவு பண்ணினதை நினைச்சுப் பாக்கச் சொன்னப்ப, பொருள் வாங்கினதை விட அனுபவத்துக்குச் செலவு பண்ணினதுதான் அதிக சந்தோஷம் தந்துச்சுன்னு பெரும்பாலானவங்க சொன்னாங்க. பொருள் பழகிப்போயிடும், அடுத்த வீட்டுப் பொருளோட ஒப்பிடத் தோணும். போயிட்டு வந்த இடம் அப்படி இல்ல, பேசப் பேச வளரும். 2014ல இன்னொரு ஆய்வும் வந்துச்சு: ஒரு அனுபவத்துக்காகக் காத்திருக்கறதே பொருளுக்காகக் காத்திருக்கறதை விட இனிமையா இருக்காம். மலைக்குப் போறதா இருந்தா தேதியை மகள்கிட்ட இப்பவே சொல்லிடுங்க.

பதில் 2

தம்பி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. மேலே சொன்னது சரி, ஆனா அதை எல்லாருக்கும் பொதுவான விதியா எடுத்துக்காதீங்க. 2018ல சைக்கலாஜிக்கல் சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வைப் பாருங்க. வருமானமும் படிப்பும் அதிகம் இருக்கறவங்களுக்கு அனுபவம்தான் அதிக சந்தோஷம் கொடுக்குது. வசதி குறைஞ்சவங்களுக்குப் பொருளும் அதே அளவு, சில சமயம் அதைவிட அதிகமாவே சந்தோஷம் கொடுக்குது.

இது எனக்குப் புதுசு இல்ல. எங்கம்மா ஒன்பது பேர் துணியைக் கையால துவைச்சவங்க. வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த அப்புறம்தான் மதியத்துல உக்காந்து வாரப்பத்திரிகை படிச்சாங்க. தொடர்கதையை எங்களுக்கு வாசிச்சுக் காட்டுவாங்க, குரலை மாத்தி மாத்தி. அந்த மதியங்கள் எல்லாம் அந்த மெஷின் கொடுத்தது. அதை வெறும் பொருள்னு யாராவது சொன்னா எனக்குக் கோவம் வரும். எளிமையா வாழறது நாம விரும்பி எடுத்துக்கிட்டதா இருக்கணும். இல்லாமையைப் போய் எளிமைன்னு புகழக்கூடாது.

ரெண்டாவது, எல்லாப் பொருளும் ஒரே ரகம் இல்ல. வாத்தியம், புத்தகம், விளையாட்டுச் சாமான் மாதிரி எதையாவது செய்யறதுக்காகவே வாங்குற பொருள்களைத் தனியாப் பிரிச்சு 2015ல ஒரு ஆய்வு பண்ணினாங்க. அதுல கிடைச்ச சந்தோஷம் அனுபவத்துக்கு ஈடாவே இருந்துச்சு. வேலையை விட்டதும் நான் ஒரு பழைய வயலின் வாங்கினேன். அது மேல எனக்குப் பெருசா பற்று கிடையாது, மேல கீறல் இருக்கு, தந்தியை முறுக்குற பிருடை ஒண்ணு நழுவிக்கிட்டே இருக்கும். ஆனா ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேர் சேர்ந்து உக்காந்து ஒரு கீர்த்தனையை ஆரம்பிச்சு, சரணம் வரைக்கும் சுருதி விலகாம வந்துட்டோம்னா, அன்னைக்கு முழுக்க மனசு நிறைஞ்சு கிடக்கும். வயலின் இல்லாம அது எங்கேர்ந்து வரும்?

மலைப்பயணத்தையும் கடையில பொருள் வாங்குற மாதிரியே நடத்த முடியும். ரெண்டு நாள்ல ஏழு இடம், எல்லா இடத்துலயும் போட்டோ, பிள்ளை வண்டியிலயே தூங்கிடும். மகளோட ராத்திரி மொட்டை மாடியில நிக்க உங்களுக்கு நேரம் இருக்கான்னு பாருங்க. இருந்தா வாங்குங்க. இல்லன்னா மலைக்குப் போனாலும் பெருசா மாறாது.

பதில் 3

நான் பல வருஷமா வானம் பாக்குறவன். டெலஸ்கோப்புக்கு முன்னாடி ஒரு பைனாகுலர் வாங்குங்க. 7x50 அல்லது 10x50 போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும்ங்கறது, ரெண்டாவது முன் லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல). 1610ல கலிலியோ கண்டுபிடிச்ச வியாழனோட நாலு நிலாக்களும் கை ஆடாமப் பிடிச்சா அதுல தெரியும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துல வெறும் கண்ணுக்கு ஆறு தெரியுற இடத்துல டஜன் கணக்குல தெரியும். நிலாவைப் பௌர்ணமியில காட்டாதீங்க, வெளிச்சம் நேரா விழுந்து எல்லாம் தட்டையா இருக்கும். வளர்பிறை அஷ்டமிக்கு அக்கம்பக்கம் காட்டுங்க. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டை ஒட்டிப் பள்ளங்களோட நிழல் நீளமா விழும், குழந்தைங்க அதைப் பாத்துட்டுக் கத்துவாங்க.

சனியோட வளையம் பைனாகுலர்ல தெரியாது, அதுக்கு 25 மடங்காவது உருப்பெருக்கம் வேணும். அவ ஆசை அப்பவும் குறையலன்னா டெலஸ்கோப் வாங்குங்க. பெட்டி மேல 500 மடங்குன்னு போட்டிருக்கறதை நம்பாதீங்க. டெலஸ்கோப்போட முன் லென்ஸ் அல்லது உள்ள இருக்கற பெரிய கண்ணாடியோட விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, அதுல ரெண்டு மடங்குக்கு மேல உருப்பெருக்கினா மங்கலாத்தான் தெரியும். ஆடாத ஸ்டாண்டும் முக்கியம். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், அதுவரைக்கும் யாரும் போனைத் திறக்கக்கூடாது. பைனாகுலரோ டெலஸ்கோப்போ, எதுலயும் சூரியனைப் பாக்கவே கூடாது. இதை மகளுக்கு முதல்லயே அழுத்திச் சொல்லிடுங்க.

கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியை அம்மா சொன்ன அந்த மதியங்களைப் பத்தி மனைவிகிட்ட வாசிச்சுக் காட்டினேன். முதல்ல பைனாகுலர், மாடியில பாக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். மகள் கண்ணாடி போடுறா. பாக்கும்போது கழட்டணுமா?

பதில் 3

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும்னா கழட்டிட்டு ஃபோகஸைத் திருகினாப் போதும். சிலிண்டர் பவர் (அஸ்டிக்மேடிசத்துக்குக் கொடுக்கறது) அதிகமா இருந்தா கண்ணாடியோடவே பாக்கணும், அப்ப கண் வைக்கிற பக்கம் இருக்கற ரப்பரை மடக்கி விட்டுக்கோங்க. ரெண்டு குழாய்க்கும் நடுவுல இருக்கற இடைவெளி அவ கண்ணுக்கு ஏத்த அளவு குறுகுதான்னு கடையிலயே அவளை வெச்சுப் பாத்துட்டு வாங்குங்க.