காரைக்குடியில் பழைய வீட்டு விடுதிகள்: கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கிறது?

வைகைக்கரை எழுதியது:

சென்ற மாசி மாதம் அம்மாவுடன் காரைக்குடி நகருக்குள்ளேயே உள்ள ஒரு சிறு விடுதியில் இரண்டு இரவுகள் தங்கினேன். நகரத்தார் வீடு ஒன்றைப் புதுப்பித்துப் பத்து அறைகளுடன் நடத்துகிறார்கள். பெயரை எழுதப் போவதில்லை. இதே அனுபவம் வேறு இரண்டு மூன்று வீடுகளிலும் கிடைத்ததாக நண்பர்கள் சொன்னார்கள். எனவே ஒரு விடுதியைக் குறை சொல்லிப் பயனில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பட்டியிலிருந்து உச்சி வெயிலில் திரும்பிய அம்மா, முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் காலை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தை, இரண்டு சுற்று வெறுங்காலோடு நடந்துவிட்டுத்தான் அறைக்கு வந்தார். அந்தக் குளிர்ச்சியை அவர் இன்றும் சொல்கிறார்.

ஆனால் அறை பத்துக்குப் பத்து அடிதான் இருக்கும். ஒரே ஜன்னல், அதுவும் வளவைப் பார்த்தது. திறந்தால் எதிர்த் தூணடியில் உட்கார்ந்திருப்பவர் நம் கட்டிலைப் பார்க்கலாம். குளியலறைக்கு இரண்டு படி ஏற வேண்டும், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எழுபது வயதில் மூட்டுவலியோடு இருப்பவர் இரவில் மூன்று முறை அந்தப் படிகளில் ஏறி இறங்கினார். கீசரில் வந்த வெந்நீர் ஒன்றரை வாளி. காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் அறைக்குள்ளேயே கேட்டது. இரண்டாம் நாள் மாலை, வீட்டுக்காரர்கள் முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கு வந்திருப்பதால், வளவுக்கு அடுத்த பகுதியான இரண்டாம் கட்டும் சாப்பாட்டுக் கூடமும் விருந்தினருக்கு இல்லை என்றார்கள். இரவுச் சாப்பாடு தட்டில் அறைக்கு வந்தது. வாழ்நாளில் கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டறியாத அம்மா, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பாதியில் எழுந்துவிட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பல்லவன் பயணி எழுதியது:

சென்னையிலிருந்து பல்லவன் விரைவு வண்டியில் வந்து இறங்கி, இந்த ஊரின் பழைய வீட்டு விடுதிகளில் இதுவரை நான்கு முறை தங்கியிருக்கிறேன். உங்கள் அம்மா பட்ட சிரமம் வருத்தம் தருகிறது. ஆயினும் நீங்கள் சொன்னவற்றில் பாதி, அந்த வீடு வீடாக இருப்பதால் வருபவை. ஐந்து மணிக்குப் பாத்திரம் உருளாவிட்டால் ஏழரைக்கு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் இலையில் விழாது. பெரிய விடுதிகளில் அடுப்படி எங்கே இருக்கிறது என்றே நமக்குத் தெரிவதில்லை. இங்கே சமைக்கும் அம்மா நம்மிடம் வந்து, கவுனி அரிசி இனிப்புக்கு அரிசியை இன்று இரவே ஊற வைக்க வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்காகவே நான் மீண்டும் மீண்டும் வருகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நண்பரே, கேள்வி சுவையைப் பற்றியதன்று, விலையைப் பற்றியது. இத்தகைய அறைக்கு ஓர் இரவுக்கு 6,800 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டதால், இரண்டு இரவுக்கு வரியோடு 14,280 ரூபாய் ஆகும். இவ்வளவு கொடுப்பவர் உறவுக்காரராக வரவில்லை, விருந்தினராகவும் வரவில்லை, வாடிக்கையாளராக வருகிறார். சாப்பாட்டுக் கூடமும் வாடகையில் அடக்கம் என்றால், அதை ஒரு மாலை முழுவதும் மூடியதற்கு ஒரு தொகையைக் கழித்திருக்க வேண்டும். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் இருப்பது நம் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் வெந்நீர் ஏன் வரவில்லை என்று கேட்டால் வீட்டின் பழமையைப் பதிலாகச் சொல்வதை நான் பலமுறை கேட்டுவிட்டேன். அதை ஏற்க முடியாது.

அப்பத்தா வீட்டுப் பேத்தி எழுதியது:

எங்கள் பூர்வீக வீடு பள்ளத்தூரில் இருக்கிறது. இன்று வரை விடுதியாகவில்லை. விடுதியாக்குவதா வேண்டாமா என்று பதினேழு புள்ளிகள், அதாவது பதினேழு பங்காளிக் குடும்பங்கள், கூடிப் பேசி முடிவுக்கு வராத வீடு அது. அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் யாரும் நாளெல்லாம் தங்குவதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை கொடுப்பார்கள். சீர்வரிசைப் பாத்திரம், பட்டு, பெட்டகம் எல்லாம் அதற்குள் இருக்கும்; கணவன் மனைவிக்கு இரவில் ஒரு தனிமை, அவ்வளவுதான். பகல் வாழ்க்கை முழுவதும் வளவிலும் திண்ணை போன்ற பட்டாலையிலும் இரண்டாம் கட்டிலும்தான் நடந்தது. என் அப்பத்தா தன் அறைக்குள் பகலில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஆகவே அறை சிறிதாக இருப்பதை நான் குறையாக எண்ணவில்லை. அந்த வீட்டில் தங்குவது என்றால் வளவில் தங்குவது.

இதே காரணத்தால்தான் உங்கள் இரண்டாம் நாள் மாலை மிகப் பெரிய தவறு என்பேன். அறை சிறியது, வெளியிடம் பெரியது என்பதுதான் அந்த வீட்டின் கணக்கு. வெளியிடத்தைப் பூட்டிவிட்டால் உங்களுக்கு மிஞ்சியது சாமான் அறை மட்டும்.

படைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இறந்த முன்னோரை நினைத்துப் புதுத்துணி வைத்து, சமைத்துப் படைத்து, பங்காளிகள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள் அது. அதை நிறுத்தச் சொல்லவோ வேறு இடத்தில் வைக்கச் சொல்லவோ யாருக்கும் மனம் வராது. அந்த நாளுக்காகத்தான் பல குடும்பங்கள் வீட்டை விற்காமல் வைத்திருக்கின்றன. விடுதி நடத்துபவருக்குக் குத்தகை கொடுக்கும்போதே இதைப் பேசி வைப்பது வழக்கம். ஆனால் படைப்புத் தேதி திடீரென்று முளைப்பதில்லை. வெளியூரிலிருந்து பங்காளிகள் வர வேண்டும் என்பதால் முன்னரே குறிக்கப்பட்டுவிடும். அந்தத் தேதிக்கு அறையைக் கொடுத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கும்.

சுண்ணாம்புச் சாந்து எழுதியது:

இருபது ஆண்டுகளாக இத்தகைய வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். குளியலறையின் அந்த இரண்டு படிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பழைய அறைக்குள் குளியலறை வைக்கும்போது தரையை உடைப்பதில்லை. கீழே இருப்பது பழைய ஆத்தங்குடிக் கல்லாக இருக்கும், அல்லது இத்தாலியப் பளிங்காக இருக்கும். பெயர்த்தால் முழுசாக வராது. அதனால் கழிவுக் குழாயைத் தரைக்கு மேலே வைத்து, அது சரிவாகப் போக முக்கால் அடிக்குக் குறையாமல் மேடு கட்டுகிறோம். அந்த மேடுதான் உங்கள் படி. சுவரில் கைப்பிடி இல்லாததற்கும் காரணம் உண்டு. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த பூச்சில் திருகாணி ஓர் ஆளின் எடையைத் தாங்காது; ஒரு முறை பிடுங்கிக்கொண்டு வந்தால் கையகலத்துக்குப் பூச்சும் சேர்ந்து வரும், அதை முன்போல இழைக்க இன்று கை கிடைப்பது அரிது. அதற்காகச் சிமெண்ட் பூசினால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற முடியாமல் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்துவிடும்.

இவ்வளவு சொன்னதை விடுதிக்காரருக்காகப் பேசுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படியின் ஓரத்தில் தரையிலேயே அடிப்பலகை வைத்து நிறுத்தும் தேக்குக் கைப்பிடியை உள்ளூர்த் தச்சர் இரண்டு நாளில் செய்து தருவார், சுவரைத் தொடவே வேண்டியதில்லை. நான் மூன்று வீடுகளில் சொன்னேன். ஒரு வீட்டில்தான் வைத்தார்கள். மற்ற இரண்டிலும், படம் எடுத்தால் அறையின் அழகு கெடும் என்றார்கள்.

பல்லவன் பயணி எழுதியது:

கைப்பிடி குறித்து நான் விட்டுக்கொடுக்கிறேன். வயதானவர் விழுந்துவிட்டால் பணியாரத்தின் சுவையைப் பேசி என்ன பயன்? ஆனால் கணக்குப்பிள்ளை சொல்வதை ஏற்க மனம் வரவில்லை. பத்து அறைகளை வைத்துக்கொண்டு நாட்டு ஓடு மாற்றி, மழைக்கு முன் தளவரிசை பார்த்து, ஆண்டு முழுவதும் சமையலுக்கும் காவலுக்கும் ஆள் வைத்திருப்பவரிடம், நூறு அறை விடுதியின் ஒழுங்கை எதிர்பார்ப்பது முறையன்று. இவர்களும் மூடிவிட்டால் அந்த வீட்டின் தூண்களை முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒழுங்கு வேறு, அறிவிப்பு வேறு. ஆள் பற்றாக்குறையால் காப்பி தாமதமாக வந்தால் நானும் பொறுத்துக்கொள்வேன். 'அந்தத் தேதியில் படைப்பு இருக்கிறது, இரவு கூடம் கிடைக்காது' என்று ஒரு வரி எழுதி அனுப்ப எத்தனை ஆள் வேண்டும்?

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. குளியலறைப் படிக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பது இன்றுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் பின்கட்டுப் பக்கம் வெளிக் குளியலறை உள்ள அறையைக் கேட்டிருப்பேன். அப்படி ஓர் அறை அங்கே இருந்ததைக் கிளம்பும்போதுதான் பார்த்தேன். விலையும் அதற்குக் குறைவு. ஆனால் முன்பதிவு செய்தபோது எங்கள் வயதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

படைப்பு விஷயத்தில் பேத்தி சொன்னதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'அன்றே சொல்லியிருந்தால் நான் குன்றக்குடியிலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருப்பேனே, அவர்கள் வீட்டுக் காரியத்துக்கு நடுவில் ஏன் உட்கார்ந்திருக்க வேண்டும்' என்றார். அவருக்குக் கோபம் கூடத்தை மூடியதில் இல்லை. வந்த தட்டில் படைப்புச் சோறு இல்லாமல் கடையில் வாங்கிய சப்பாத்தி இருந்ததில்தான்.

அப்பத்தா வீட்டுப் பேத்தி எழுதியது:

அதைப் படித்ததும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பங்காளிகளுக்குள் மட்டும் பகிரும் படையல் உண்டு, அதை வெளியாருக்குக் கொடுக்க மாட்டார்கள், அது உண்மை. ஆனால் எங்கள் வீட்டில் படைப்பன்று வாசலுக்கு வந்தவருக்கென்று தனியே ஒரு பானை வைப்பார் அப்பத்தா. இரவு தங்கியிருக்கும் ஓர் அம்மாவுக்கு அந்தப் பானையிலிருந்து இலை போட்டிருக்க வேண்டும். அடுத்த மாதம் எங்கள் புள்ளிகள் மறுபடியும் கூடுகிறார்கள். குத்தகைத் தாளில் கைப்பிடியையும், படைப்புத் தேதியை முன்கூட்டிச் சொல்வதையும் சேர்க்கச் சொல்லப் போகிறேன். சுண்ணாம்புச் சாந்து ஐயா, அந்தத் தேக்குக் கைப்பிடியின் அளவை மட்டும் இங்கே எழுத முடியுமா?