இந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்கள் விருப்பப் பட்டியலில் என்ன இருக்கிறது?

தென்குமரி:
அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் வந்துவிட்டது, எங்கள் குடும்பத்தில் கிறிஸ்மா, கிறிஸ்சைல்டு சீட்டும் (பெயர் விழுந்தவருக்கு இரகசியமாகப் பரிசு கொடுக்கும் குலுக்கல்) எடுத்தாயிற்று. யாருடைய பெயர் யாருக்கு விழுந்தது என்பது 25ஆம் தேதி மதியச் சாப்பாடு வரை இரகசியம். பிரிக்கப்படாத சட்டைகளும் சுவர்க் கடிகாரங்களும் பீரோவில் சேர்ந்துகொண்டே போவதால், அவரவர் வேண்டுவதை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது என்று இவ்வாண்டு முடிவு செய்திருக்கிறோம்.

என் பட்டியலில் முதலாவது, மூங்கில் பிளாச்சில் வண்ணத்தாள் ஒட்டி, உள்ளே குண்டு பல்பு தொங்கவிட்ட நட்சத்திரம். கடைகளில் மடக்கும் அட்டை நட்சத்திரங்களே கண்ணில் படுகின்றன. அடுத்தது, பாமாலையும் கீர்த்தனைகளும் பெரிய எழுத்தில் அச்சான புத்தகம். கண்ணாடியை மாற்றியும், அதிகாலை ஆராதனையில் மூன்றாம் சரணம் வருவதற்குள் எனக்கு வரி தவறிவிடுகிறது. மூன்றாவது, வீடு வீடாக வந்து பாடும் கீதபவனி. அதை எவராலும் வாங்கித் தர இயலாது. ஊரில் கீதபவனி வருகிறவர்கள் நடுச்சாமத்தில் வாசலில் நின்று பாடி, கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு வீறிட்ட பிள்ளையைச் சமாதானப்படுத்தி, கட்டங்காப்பி குடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, காவலாளி அறைக்கு அருகே ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அத்துடன் சரி.

உங்கள் பட்டியலையும் எழுதுங்கள். என் அம்மா தம் சீட்டில் "ஒன்றும் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

முத்துநகர்:
நாங்கள் கத்தோலிக்கர்கள், என் பட்டியல் குடிலோடு முடிந்துவிடும். மூவரசர் சுரூபங்களில் ஒன்று உடைந்துவிட்டதால் அதற்கு ஈடு வேண்டும். ஆனால் ஆறு அங்குலச் சூசையப்பருக்கு (யோசேப்புக்கு) அருகில் ஒன்பது அங்குல அரசரை நிறுத்தினால் குடிலே கேலிக்கூத்தாகிவிடும் என்பதால், உயரத்தையும் சீட்டிலேயே குறித்திருக்கிறேன். (1223இல் இத்தாலியின் கிரேச்சியோவில் அசிசி நகரப் புனித பிரான்சிஸ் முதன்முதலாகக் குடில் அமைத்து, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தியபோது இந்தத் தொல்லை இருந்திருக்காது.) பரிசு தாமதமானாலும் எனக்குக் குறையில்லை, எங்கள் வீட்டுக் குடிலில் மூவரசர் வந்து சேர்வது ஜனவரி 6ஆம் தேதிதான்.

வெளியூர் உறவினர்கள் எல்லோரும் தூத்துக்குடி மக்ரூனையே எழுதுகிறார்கள். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு ஆகியவற்றால் ஆன அந்தப் பண்டம் மார்கழி ஈரக்காற்றுப் பட்டால் நமுத்துப் பிசுபிசுத்துவிடும். ஆகவே, கேட்கிறவர்கள் காற்றுப் புகாத டப்பாவையும் சேர்த்துக் கேட்பது நல்லது.

வடலி:
யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது டொரொன்டோவில் வசிக்கிறேன். எங்கள் கிறிஸ்மஸ் கேக்கில் மாவுக்குப் பதிலாக ரவையும், கஜுவும் (முந்திரி), பூசணித் தோசியும் (சர்க்கரைப் பாகில் பதப்படுத்திய பூசணி), ஏராளமான முட்டை மஞ்சள் கருவும் சேரும். சிறு துண்டுகளாக வெட்டித் தனித்தனியே தாளில் சுற்றி அயலவர்களுக்குக் கொடுப்போம். பொருட்கள் அனைத்தும் இங்கே கிடைக்கின்றன. நான் எழுதியிருப்பது ஒன்றே: ஒரு சனிக்கிழமை முழுவதும் என்னோடு அமர்ந்து பழங்களையும் கஜுவையும் பொடியாக அரிந்து தர ஓர் ஆள். சீட்டைப் படித்த மருமகன் இன்னும் பதில் சொல்லவில்லை.

பாளைக்காரி:
தென்குமரி அவர்களுக்கு: "என்ன வேண்டும்" என்று கேட்டால் அம்மாக்கள் ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். "அடுக்களையில் எது மக்கர் செய்கிறது" என்று கேட்டுப் பாருங்கள். என் தாயார் மறுநொடியே, அச்சுமுறுக்கு அச்சில் மாவு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது என்றார்கள். புதிய அச்சு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் 23ஆம் தேதி கொடுக்காதீர்கள். எண்ணெயில் ஊறவைத்துப் பழக்கிய பிறகே அது மாவை விடும்.

தென்குமரி:
மிக்க நன்றி, அக்கா. அப்படியே கேட்டேன், ஆப்பச்சட்டிக்குப் பொருந்தும் மூடி, கைப்பிடி ஆடாத கறிக்கரண்டி என்று இரண்டு உடனே வந்தன. கிறிஸ்துமஸ் காலையில் ஆப்பமும் ஆட்டிறைச்சிக் கறியும் அவர் பொறுப்பு என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். முத்துநகர் அண்ணன், மக்ரூனைக் கூரியரில் அனுப்பினால் நொறுங்காமல் வருமா?