மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி மட்டும் போதுமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 24. பத்து நாள்களாகக் குமட்டலும் காய்ச்சலுமாக இருந்தவனுக்கு இப்போது கண்கள் மஞ்சளாகிவிட்டன. இரத்தத்தில் காமாலையைக் காட்டும் மஞ்சள் நிறமியான பிலிருபின் அளவு 6.8 என்று வந்திருக்கிறது. கொல்லையில் முளைத்திருக்கும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்து, உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியச் சோறு போட்டால் போதும் என்கிறார் பாட்டி. செடியை அடையாளம் காண்பது எப்படி, மருத்துவமனைக்கும் செல்ல வேண்டுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பதில் 1:
இலைகளின் அடிப்புறத்தில் சிறு காம்புகளில் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கினால் அது கீழாநெல்லி. தண்டில் செந்நிறம் ஓடி, காய்கள் காம்பின்றி ஒட்டிச் சொரசொரப்பாக இருப்பது அதன் உறவுச் செடி. களைக்கொல்லி அடித்த வரப்பிலும் சாக்கடை ஓரத்திலும் பறிக்காதீர்கள். எங்கள் வீட்டில் வேரோடு பிடுங்கி, ஒரு நெல்லிக்காய் அளவு அரைத்து, வெறும் வயிற்றில் மோரில் கொடுப்பார்கள். ஆனால் காமாலையைத் தரும் கிருமிகளில் சில அசுத்த நீரால் பரவுபவை என்பதால், மண் ஒட்டிய வேரைப் பச்சைத் தண்ணீரில் அலசி, அதே தண்ணீரில் மோரையும் கரைத்துக் கொடுப்பது எனக்கு எப்போதும் அச்சம் தரும். கொதித்து ஆறிய நீரையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துங்கள்.

பதில் 2:
காமாலை ஒரு நோயன்று, நோயின் அறிகுறி. பித்தநாளத்தில் கல் அடைத்தாலும், சில மாத்திரைகளாலும் கண் மஞ்சளாகும். கிருமியால் வரும் கல்லீரல் அழற்சியான ஹெபடைட்டிஸில் ஏ, இ வகைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தணிந்துவிடுவதால், அப்போது எதைக் குடித்திருந்தாலும் பெயர் அதற்கே போய்ச் சேர்கிறது.

கீழாநெல்லியை நான் இகழவில்லை. எஸ்.பி. தியாகராஜன் உள்ளிட்ட சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைட்டிஸ் பி கிருமியைக் கண்டறிந்தமைக்காக நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்குடன் இணைந்து, அக்கிருமியைச் சுமப்பவர்களுக்கு இதன் பொடியை 200 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை 30 நாள்கள் கொடுத்தனர். 37 பேரில் 22 பேருக்கு, கிருமி இருப்பதைக் காட்டும் அதன் மேற்பரப்புப் புரதம் இரத்தத்தில் மறைந்ததாகவும், ஒப்பீட்டுக்காக மருந்துச் சத்தில்லாத வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு ஆனதாகவும் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினர். பிற்காலத்தில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. அதுவும் பி வகைக்கான ஆய்வு. உங்கள் தம்பிக்கு வந்திருப்பது எந்த வகை என்றே இன்னும் தெரியவில்லையே! முதலில் அந்தப் பரிசோதனையையும், இரத்தம் உறையும் நேரத்துக்கான பரிசோதனையையும் செய்யுங்கள்.

பதில் 3:
சித்த மருத்துவம் பயின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். பத்தியம் என்ற பெயரில் நோயாளியைப் பட்டினி போடுவது கல்லீரலுக்கு நல்லதன்று. கஞ்சி, இளநீர், பழம், இட்லி என்று அடிக்கடி கொடுங்கள். மதுவைத் தொடவே கூடாது. காய்ச்சல் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருப்பதால், பரிசோதனைத் தாள்களை அங்கேயும் காட்டி மருந்து பெறலாம். தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம், நில்லாத வாந்தி, ஈறில் இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் எந்த மூலிகைக்கும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மலம் வெளுத்துப் போனால் அடைப்பாக இருக்கலாம். அதற்கு ஸ்கேன் வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஹெபடைட்டிஸ் இ என்று முடிவு வந்துள்ளது. இரத்தம் உறையும் நேரம் இயல்பாக இருக்கிறது. வீட்டில் அண்ணிக்கு ஏழாம் மாதம். அவருக்கும் முன்னெச்சரிக்கையாகக் கீழாநெல்லி கொடுக்கலாமா?

பதில் 2:
வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு, அதிலும் கடைசி மூன்று மாதங்களில், இந்த இ வகை ஹெபடைட்டிஸ் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். தம்பியும் அவரும் ஒரே கிணற்று நீரைத்தானே குடித்திருப்பார்கள்? அவரை இன்றே மகப்பேறு மருத்துவரிடம் அழைத்துச் சென்று, வீட்டில் ஒருவருக்கு இ வகை உறுதியாகியிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குடிநீரை நன்றாகக் கொதிக்க வையுங்கள். கிணற்றில் குளோரின் கலக்கச் சுகாதார ஆய்வாளரிடம் தெரிவியுங்கள்.