காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய பிக்கப்: இன்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

தக்காளி லோடு:
வணக்கம். 2009 மாடல் டீசல் பிக்கப், நாலு சிலிண்டர், டர்போ உண்டு, பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப். வீடு பெங்களூரு விவேக் நகர், ஓட்டம் சூளகிரிக்கும் கலாசிபாளையம் மார்க்கெட்டுக்கும். ஒரு மாதமாக, ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஏழெட்டு தடவை செல்ஃப் அடித்தால்தான் உயிர் பிடிக்கிறது. பிடித்ததும் ரெண்டு நிமிடம் வெள்ளைப் புகை, அப்புறம் புகை நின்றுவிடும். லோடோடு மேடு ஏறினால் கரும்புகை, இழுவையும் இல்லை. ஒரு மெக்கானிக் ஸ்டார்ட் செய்துகூடப் பார்க்காமல், பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கணும், எழுபதாயிரம் ஆகும் என்கிறார். அடுத்த மாதம் எஃப்சி (தகுதிச் சான்று) வேறு. என்ன செய்வது?

பழைய ஸ்பேனர்:
தம்பி, ரிங் போயிருந்தால் நீலப் புகை வரும், ஆயில் குறையும். ஆயில் எவ்வளவு குடிக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை. வண்டி சூடானதும் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாக மூச்சு விட்டால் கவலை வேண்டாம், குபுகுபுவென்று புகை தள்ளினால்தான் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

எனக்கென்னவோ டீசல் லைனில் ஏர் பிடிக்கிறது என்றே படுகிறது. எங்கோ ஒரு வாஷர் வழியாகக் காற்று புகுந்தால், ராத்திரியோடு ராத்திரியாக டீசல் டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் அது திரும்பப் பம்புக்கு ஏறி வரும்வரை நீங்கள் செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பீர்கள். எரியாத டீசல்தான் வெள்ளைப் புகையாக வெளியே வருகிறது. நாளைக்குச் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் ஃபில்டர் மேலே இருக்கும் கை பம்பை அது கெட்டியாகும்வரை அமுக்குங்கள். முதல் செல்ஃபிலேயே பிடித்தால் விஷயம் அதுதான்.

குளிர் காலை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் உள்ள வண்டியாக இருந்தால் அதையும் விடாதீர்கள். பிளக்குகளின் வயரைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மறுமுனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வையுங்கள். எரியாவிட்டால் அந்தப் பிளக் செத்துவிட்டது. புகை இனிப்பாக வாடை அடித்து கூலன்ட்டும் குறைந்தால் மட்டும் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) பக்கம் போங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள், என் மச்சான் முகத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது.

தக்காளி லோடு:
ஆயில் குறையவில்லை, மூடியிலும் ஒன்றும் தள்ளவில்லை. இன்று காலை கை பம்பை இருபது தடவை அமுக்கினேன், முதலில் தொளதொளவென்று இருந்து அப்புறம் கெட்டியானது. ஒரே செல்ஃப்! ஆனால் கரும்புகை அப்படியேதான் இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
பார்த்தீர்களா. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே டீசல் தாங்கும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒரு சாண் மாட்டி ஓடவிடுங்கள், குமிழி வருவது கண்ணுக்கே தெரியும். ஃபில்டர் போல்ட்டின் செப்பு வாஷரை முதலில் மாற்றுங்கள். சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் பிரஷர் பைப்பில் மட்டும் ஒழுக்கை விரலால் தடவிப் பார்க்கவே கூடாது, அந்தப் பீச்சலில் டீசல் தோலுக்குள்ளேயே ஏறிவிடும், கையே போகும்.

கரும்புகை வேறு கதை. டீசலுக்குத் தக்க காற்று இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அதைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் அடியில் விரித்துப் பாருங்கள். கீறல் இருந்தால் சும்மா நிற்கும்போது தெரியாது, லோடில் பிரஷர் ஏறினால்தான் வாய் திறக்கும், உஸ்ஸென்று சத்தமும் வரும்.

தக்காளி லோடு:
அந்த உஸ் சத்தம் வருகிறது அண்ணே, நான் டர்போ பாடுகிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்தேன். கிளாம்ப் அடியில் ரெண்டு விரல் நீளத்துக்குக் கிழிசல், சுற்றிலும் ஆயில் ஈரம். ஞாயிற்றுக்கிழமை ஜேசி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் திறந்திருக்குமா?

குளிர் காலை:
பாதிக் கடை மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள். பழைய ஹோஸைக் கையில் எடுத்துப் போங்கள், வாயால் அளவு சொன்னால் வேறு எதையாவது கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.