தோரியம் ஈயமானால் அது சமதானியா, வேற மூலகமா?

உவர்மலை மாணவன்:
புல்மோட்டை மணலில இல்மனைற்று எண்ட கனியத்தோட கொஞ்சம் மொனசைற்று எண்ட கனியமும் இருக்கு, அதுக்குள்ள தோரியம், அது கடைசியில ஈயமாகுது எண்டு வகுப்பில சொன்னவை. திணிவெண் (புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்த எண்ணிக்கை) 232, 208 ஆகுதாம். ஆனா நியூத்திரன் மட்டும் மாறினால் சமதானி (ஐசோடோப்)தான், மூலகம் மாறாது எண்டெல்லோ படிச்சம்? மற்றது, 208 எண்டால் அட்டவணையில ஏன் ஈயத்துக்கு 207.2?

கொட்டியாரக்குடா:
தம்பி, திணிவெண்ணை மறைச்சுப்போட்டு அணுவெண்ணை, அதாவது புரோத்தன் எண்ணிக்கையைப் பாருங்கோ. தோரியம் 90, ஈயம் 82. நியூத்திரன் மட்டுமில்லை, கருவில 8 புரோத்தனும் குறைஞ்சிட்டுது. அதாலதான் மூலகமே வேற.

கதிர்த்தொழிற்பாட்டில கருவில இருந்து அல்பாத் துணிக்கை ஒண்டு வெளியேறினால் 2 புரோத்தன், 2 நியூத்திரன் போகும். பீற்றா (இலத்திரன்) வெளியேறினால் ஒரு நியூத்திரன் புரோத்தனாகும். அணுவெண் 1 கூடும், திணிவெண் அசையாது. முதல் மூண்டு படியையும் கையால எழுதுங்கோ:

தோரியம்-232, அல்பா போக ரேடியம்-228 (88)
பீற்றா போக அற்றினியம்-228 (89)
இன்னொரு பீற்றா போக தோரியம்-228 (90)

சுத்திப்போட்டுத் திரும்பவும் தோரியம்! புரோத்தன் அதே 90, நியூத்திரன் மட்டும் 142இல இருந்து 138. சமதானி எண்டால் இதுதான். ஆனா 228 எண்ட ஒரே திணிவெண் இருந்தும் ரேடியம், அற்றினியம், தோரியம் மூண்டும் மூண்டு மூலகம்.

முழுத் தொடரில 6 அல்பா, 4 பீற்றா. 232−24=208. 90−12+4=82. பீற்றாவை மறந்தால் 78 வரும், அது பிளாற்றினம். கனபேர் சறுக்கிற இடம். தோரியம்-232 இன்ர அரைவாழ்வு (இருக்கிறதில பாதி மாறிமுடிய எடுக்கிற காலம்) 1405 கோடி ஆண்டளவு, அதாலதான் மணலில இன்னும் கிடக்குது.

சல்லிக்கரை:
207.2 தனி அணு ஒண்டின்ர திணிவில்லை, கலவையின்ர சராசரி. இயற்கை ஈயத்தில 204 எண்டது 1.4%, 206 24.1%, 207 22.1%, 208 52.4%. திணிவெண்ணையே போட்டுப் பெருக்கிக் கூட்டினாலும் 207.24 வரும். 207.2இல 82ஐக் கழிச்சு 125.2 நியூத்திரன் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ.

பாடத்திட்டத்தில இல்லாத ஒண்டு: 'ஐசோடோப்' எண்ட பெயரை 1913இல கொண்டுவந்த பிரெடரிக் சொடி, பிறகு சோதிச்சுப் பார்க்க எடுத்ததே தோரியம் உள்ள கனியமான இலங்கைத் தோரைற்றுத்தான். அதில இருந்து பிரிச்ச ஈயத்தின்ர அணுத்திணிவு 207.7 அளவில வந்தது. தோரியத்தில பிறந்த 208 அதில கூட. இரசாயனத் தாக்கத்தில அதுக்கும் சாதாரண ஈயத்துக்கும் பேதமில்லை, அடர்த்திதான் ஒரு பொட்டு அதிகம்.

உவர்மலை மாணவன்:
அப்ப யுரேனியம்-238, ஈயம்-206 ஆகேக்க 32 குறையுது, 8 அல்பா. 92−16=76, அது ஒசுமியம். 82க்கு ஏற 6 பீற்றா. சரியோ?

கொட்டியாரக்குடா:
சரி. திணிவெண்ணில தொடங்கினது நல்லது. பீற்றா அதைத் தொடாததால அல்பாவின்ர எண்ணிக்கை தனியா வந்திடும், மிச்சத்தை அணுவெண்ணில சரிக்கட்டலாம்.