அடிபட்ட பிறகும் தச்சு வேலை: நம் அனுபவங்கள்

கும்பகோணம் பக்கம் எனக்கு. நிலை, கதவு, ஜன்னல்தான் பரம்பரை வேலை. 2016-இல் பழைய வீட்டுத் தேக்குச் சட்டம் ஒன்றை அறுக்கும்போது, உள்ளே தலை முறிந்து புதைந்திருந்த ஆணியில் பட்டு கட்டர் மெஷின் துள்ளியது. இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி போய்விட்டன.

"வலது கை நல்லாத்தானே இருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். வேலை தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அறுப்பதும் அடிப்பதும் வலது கைதான். ஆனால் மரத்தைப் பிடிப்பது, உளியைச் சாயாமல் நிறுத்துவது, இழைப்புளியின் முன்பக்கத்தை அழுத்துவது எல்லாம் இடது கையின் பாடு. போனது பிடிமானம். அதை வேறு எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டியிருந்தது.

முதலில் கிளாம்ப் வாங்கினேன், நிறைய. காலால் மிதித்துப் பிடித்த பலகையெல்லாம் இப்போது கிளாம்பில்தான் நிற்கிறது. உளிப் பிடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றித் தடிமனாக்கினேன். மெல்லிய பிடியென்றால் விரல் முழுசாக மடங்கணும். தடித்த பிடிக்குப் பாதி மடங்கினால் போதும். நிலைச் சட்டத்தில் துளை எடுக்க முக்கால்வாசி வேலையை ட்ரில் பார்த்துக்கொள்கிறது, ஓரத்தை மட்டும் உளியால் சுத்தம் செய்கிறேன். இதையெல்லாம்விட முக்கியம் தீட்டுவது. மழுங்கிய உளி பலம் கேட்கும், பலம் கொடுத்தால் நழுவும். காலையில் எண்ணெய்க்கல்லில் தீட்டாமல் வேலையைத் தொடுவதில்லை.

வேகம் குறைந்தது உண்மை. நாள் கூலிக்குப் போனால் மேஸ்திரி முகம் மாறும். அதனால் உருப்படிக் கணக்குக்கு மாறிவிட்டேன். என் நேரம் என் பாடு.

மார்கழிக் குளிரில் வெட்டுப்பட்ட நுனிகள் விண் விண்ணென்று வலிக்கும். கையுறை போடலாமே என்பார்கள். சுழலும் பிளேடு பக்கத்தில் கையுறை கூடவே கூடாது, ஒரு நூல் சிக்கினாலும் கையை உள்ளே இழுத்துவிடும்.

எல்லோரும் தெரிந்துவைக்க வேண்டியது: விரல் துண்டானால் ஐஸில் நேராகப் போடாதீர்கள். சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் மூடி, அந்தப் பையை ஐஸில் வைத்து உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

*

அண்ணே, கிளாம்ப் விஷயம் நூற்றுக்கு நூறு. நான் மதுரை, எனக்கு முட்டித் தேய்மானம். நம்மாட்கள் தரையில் உட்கார்ந்தே வேலை செய்து பழகியவர்கள். டாக்டர் சம்மணமே போடக் கூடாது என்றதும் தொழிலே முடிந்தது என்று நினைத்தேன். மகன்தான் மேசை அடிக்கச் சொன்னான்.

உயரத்தில்தான் சூட்சுமம். இழைக்க வேண்டுமென்றால் மேசை மணிக்கட்டு மட்டத்தில் இருக்கணும், அப்போதுதான் உடம்பின் எடை மரத்தில் இறங்கும். உளி வேலைக்கு அது தாழ்வு, குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும். அதற்காக மேசை மேல் ஒரு சின்னப் பெட்டி மேசை செய்து வைத்திருக்கிறேன். நின்றே வேலை செய்தால் குதிகால் பேசும். காலடியில் ரப்பர் விரிப்பு, பக்கத்தில் உயரமான ஸ்டூல். 8 அடிக்கு 4 அடி, 19 மில்லிமீட்டர் ப்ளைவுட் முழுப் பலகை 30 கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்குகிற வீரமெல்லாம் வேண்டாம், கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவிடுகிறேன்.

*

நான் தொழில்காரி இல்லை. சென்னை ஃப்ளாட் பால்கனியில் ஸ்டூல், அலமாரி செய்கிறவள். முடக்குவாதம் இருக்கிறது. காலையில் விரல்கள் விறைத்துக் கிடக்கும், அதனால் மதியத்துக்கு மேல்தான் மரத்தைத் தொடுவேன். தேக்கு, வேங்கைப் பக்கமே போவதில்லை. பழைய பேக்கிங் பெட்டி பைன் மரம், மலைவேம்பு போதும். தள்ளி அறுக்கும் ரம்பத்தை விட்டு ஜப்பான் ரம்பத்துக்கு மாறினேன். அது இழுக்கும்போது அறுக்கும், தகடு மெல்லிசு, பாதி பலம்கூட வேண்டாம். உப்புத்தாள் தேய்க்கும் சாண்டர் மெஷினின் அதிர்வில் கை மரத்துப்போகும், கொஞ்சம் தேய்த்துக் கொஞ்சம் டீ குடிக்கணும்.

கும்பகோணத்து அண்ணனுக்கு: அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-இல் யோசித்த ஒரு டேபிள் சா, அதாவது மேசையில் பொருத்திய வட்ட ரம்பம், இருக்கிறது. தோல் பட்டதும் உடம்பின் மின்கடத்தலை உணர்ந்து சுமார் 5 மில்லி நொடியில் பிளேடை நிறுத்திவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பிரேக்கை மாற்றணும், பெரும்பாலும் பிளேடும் போச்சு. ஆணியில் பட்டாலும் நின்றுவிடக்கூடும். கையில் பிடிக்கும் கட்டருக்கு அது உதவாது, ஆனாலும் நல்ல யோசனை.

சரி, எனக்கு ஒரு சந்தேகம். மேசையில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் வைஸை இறுக்குவதுதான் இன்னும் உயிர் போகிறது, கட்டைவிரல் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. வழி இருக்கிறதா?

*

மதுரைதான் மறுபடியும். கைப்பிடிக் கம்பியில் ஒரு ஜி.ஐ. பைப்பைச் செருகி நீளமாக்கிக்கோங்கம்மா. விரலால் திருக வேண்டாம், உள்ளங்கையால் தள்ளினாலே இறுகும். ரொம்ப அழுத்தாதீங்க, உங்க பைன் மரத்தில் வைஸ் தாடையின் தடம் விழும். இரண்டு பக்கமும் துண்டு ப்ளைவுட் வைத்துக்கோங்க.